தொமினாகாவா, உகிதாவா?

ஹிராமினே
12 ஏப்ரல் 1984

அக்காவுக்கு,

இங்கே செர்ரிப் பூ எல்லாம் உதிர்ந்து படகுத்துறை வரை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நான் நலம். அம்மாவும் நலம். மாசிக் கருவாட்டுப் பட்டறையில் புகை போடும் காலம் தொடங்கிவிட்டதால் அவள் தலைமுடி வாசனைதான் வீடு முழுக்க. அப்பாவின் படகு சூரைமீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வடக்கே போய்விட்டது. உனக்குச் சளி விட்டதா?

உன் பத்திரிகை ஆபீஸில் பேஸ்பால் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுச் சொல். அவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன். நாடு முழுக்க உள்ள பள்ளிகள் மோதும் கோஷியென் மைதானத்துக்கு நம் பள்ளிக்கூடம் போனது இரண்டே தடவை. 1956இல் தொமினாகா கூட்டிக்கொண்டு போனார், 1975இல் உகிதா. இந்த வருஷம் பந்தெறியும் பிட்சர் நான்.

சுகானோ முடிவெட்டும் கடையில் நேற்றும் இதே சண்டை. மீன்கடைக்காரர் சொன்னார், "உகிதா எறிஞ்சா பந்து பேட்ஸ்மேன் முன்னாடி வந்து காணாமப் போயிடும்யா."

சுகானோ என் தலையைப் பிடித்துக்கொண்டே, "காணாமப் போனது பந்தில்ல, உகிதாதான். தொமினாகா முந்தின நாளும் எறிஞ்சான், மறுநாளும் எறிஞ்சான், ஊருக்குத் திரும்பின அன்னைக்கு ஊர்வலத்துல சாக்கே மதுப் பீப்பாயையும் தூக்கினான்" என்றார்.

"பீப்பாயைத் தூக்கினது நீன்னு போன வாரம் சொன்னே?"

"ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன்! டேய் நொபோரு, ஆடாதே, காது போயிடும்."

யார் உண்மையிலேயே பெரியவர்? தொமினாகா என்ன சாப்பிட்டார், மழையில் எப்படிப் பயிற்சி செய்தார், கை வலித்தால் என்ன செய்தார், அந்தக் காலத்துப் பேட் எப்படி, எல்லாம் கேள். போன் செய்யாதே, அம்மா பக்கத்திலேயே நிற்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

நொபோரு

* * *

தோக்கியோ
25 ஏப்ரல் 1984

அன்புள்ள தம்பிக்கு,

என் ஜன்னலுக்கு எதிரே ஒரே ஒரு மரம். அது முழுக்கப் புது இலை விட்டிருக்கிறது. சளி போய்விட்டது. நீயும் அம்மாவும் நலமாக இருப்பது கேட்டு நிம்மதி.

உன் கடிதம் வந்த அன்று நான் ஆபீஸில் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அஞ்சலட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஜூலை இதழில் "எந்தக் காலத்து பிட்சர் பெரியவர்?" என்று சிறப்புப் பகுதி. வாசகர்கள் மூட்டை மூட்டையாக எழுதுகிறார்கள். தங்கள் ஊர் ஆளைக் குறைத்துச் சொன்னால் பத்திரிகையையே நிறுத்திவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள். அட்டைகளைப் பிரிப்பது, தேநீர் ஊற்றுவது, இதுதான் இப்போதைக்கு என் வேலை. நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் தேநீர் ஊற்றுகிறாள் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே.

ஹோரி என்ற சீனியரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "தொமினாகாவும் உகிதாவுமா? ரெண்டு பேரையும் ஒரே தராசுல வெக்க முடியாதும்மா" என்றார். தொமினாகா காலத்தில் மரப் பேட். போருக்குப் பிறகு அரை வயிற்றோடு வளர்ந்த பையன்கள்தான் எதிரே நின்றார்கள். உகிதா எறிந்தபோது உலோகப் பேட் வந்துவிட்டது, தப்பாகப் பட்டால்கூடப் பந்து பறக்கும். ஆனால் தொமினாகாவுக்கு இருந்த கையுறை, ஷூ, சாப்பாடு எதுவும் உகிதாவுடையதுக்கு ஈடில்லை. அதனால் அவரவர் காலத்தில் அவரவர் பெரியவர். நழுவலான பதில்தான். ஆனால் அதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது.

அம்மாவின் முதுகுக்குச் சூடாக ஒத்தடம் கொடு. நீயும் வியர்வையோடு தூங்காதே.

சயோகோ

* * *

ஹிராமினே
10 மே 1984

அக்காவுக்கு,

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம்.

நான் பேட்டைப் பற்றி ஒரு பக்கம் கேட்கவில்லை. பேட், சாப்பாடு எல்லாம் எழுதிவிட்டு முக்கியமான ஒன்றை விட்டுவிட்டாய். கை வலித்தால் தொமினாகா என்ன செய்தார்?

எனக்காக இல்லை. எங்கள் அணியில் ஒருத்தன் இருக்கிறான். வளைவுப் பந்து எறிந்தால் அவன் முழங்கையின் உள்பக்கம் சுரீர் என்கிறது. முகம் கழுவக் கை மடக்கினாலும் அப்படித்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிட்சர் என்றால் பந்தைத் தானாகக் கீழே வைப்பதில்லை, இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் வைத்ததில்லை.

பயிற்சியாளர் கோமியா சாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவர்தான் தொமினாகா எறிந்ததைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவர், உகிதாவுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"சார், தொமினாகா எப்பவாவது மாத்தி விடச் சொல்லிக் கேட்டிருக்காரா?"

"அவனா? நான் அவன் எறியற மேட்டுக்குப் போய்ப் பேசினாலே கோவம் வரும் அவனுக்கு. 'உன் இடத்துக்குப் போடா, பந்து ஆறிப் போகுது'ம்பான்."

"உகிதா?"

"உகிதா வாயே திறக்க மாட்டான். தங்கமான பையன்." அதோடு அவர் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

உகிதா பிறகு என்ன ஆனார் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. கதை எப்போதும் கோஷியெனோடு நின்றுவிடுகிறது.

சீக்கிரம் பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

நொபோரு

* * *

தோக்கியோ
24 மே 1984

அன்புள்ள நொபோரு,

வெயில் இங்கேயும்தான். நான் நலமாக இருக்கிறேன். நீ நலமா என்பதை இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் கடிதத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறாய், தாளின் பின்பக்கம் தடவினால் கையில் தட்டுகிறது. மே கடிதத்தில் அழுத்தமே இல்லை. கடைசி வரிகள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கின்றன.

அந்த ஒருத்தன் யார்?

பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால் விடு. ஆனால் அவன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவனிடம் சொல். கோச்சி நகரத்துக்கு ரயிலில் போய் வர அரை நாள்தானே.

ஒரு செய்தி. தொமினாகா இங்கே பக்கத்தில்தான், கவாசாகியில் இருக்கிறார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலையாம். பேட்டி எடுக்க வேண்டிய ஹோரி சாருக்கு வயிற்றுப்புண். "அதே ஊர்க்காரிதானே, நீ போயிட்டு வா" என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டுமே என்று இப்போதே கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகுகிறேன். ஆனாலும் உன் கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருவேன்.

மழைக்காலம் வருகிறது, ஜாக்கிரதை.

சயோகோ

* * *

ஹிராமினே
6 ஜூன் 1984

அக்காவுக்கு,

மழை. துணி காயவில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

ஒருத்தன் என்றால் ஒருத்தன்தான். அம்மாவிடம் எதையும் எழுதிவிடாதே.

காகித ஆலையின் பேஸ்பால் அணியிலிருந்து இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு வந்து பயிற்சியைப் பார்த்தார்கள். கோஷியெனுக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் கோடைப் போட்டியில் நன்றாக எறிந்தால் பள்ளி முடிந்ததும் ஆலையில் வேலை, அணியில் இடம். கோமியா சார் என் முதுகில் தட்டினார். எறியாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது, நீயே சொல். அப்பாவோடு படகில் போனால் துறைமுகம் மறைவதற்குள் வாந்தி எடுப்பவன் நான். உனக்குப் படிப்பு வந்தது.

தொமினாகாவிடம் கேள். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

நொபோரு

* * *

தோக்கியோ
20 ஜூன் 1984

அன்புள்ள தம்பி,

விடாத மழையில் சுவரெல்லாம் பூஞ்சை. நான் நலம். நீ, அம்மா?

தொமினாகாவைப் பார்த்துவிட்டு வந்தேன். சுகானோ சொல்கிற மலை மாதிரி ஆள் இல்லை. குள்ளமாக, சாக்ஸ் மடிப்புக் குலையாமல், ரொம்பச் சுத்தமாக இருக்கிறார். என் தடுமாற்றத்தைப் பார்த்துவிட்டு, "உக்காந்துக்கிட்டுப் பேச வரலைன்னா கார்ல ஏறுங்க, ஓட்டிக்கிட்டே பேசலாம்" என்றார். பயிற்சிப் பாதையிலேயே சுற்றிச் சுற்றி வந்தோம். புகைப்படக்காரருக்குப் பின்சீட்டில் தலைசுற்றிவிட்டது. ஊர்ப் பெயரைச் சொன்னதும், "கோமியா இன்னும் கத்திக்கிட்டேதான் இருக்கானா?" என்று சிரித்தார். பீப்பாய்க் கதையைக் கேட்டேன். "சுகானோவா? அவன் அன்னைக்கு அம்மை போட்டு வீட்டுல கிடந்தான்" என்றார்.

நீ கேட்டதையும் கேட்டேன். பதில் சொன்னார். அதைக் கடிதத்தில் எழுத எனக்கு வரவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆகஸ்டில் ஓபோன் பண்டிகைக்கு வரும்போது நேரில் சொல்கிறேன். அதுவரை அந்த ஒருத்தன் வளைவுப் பந்து எறியாமல் இருக்கட்டும்.

பழைய சோற்றைச் சாப்பிடாதே, இந்த மழையில் கெட்டுப்போகும்.

சயோகோ

* * *

ஹிராமினே
3 ஜூலை 1984

அக்கா,

கடும் வெயில். நலம்.

போட்டி ஜூலையில். நீ ஆகஸ்டில் சொல்வாயாம்.

நீ சொல்ல வேண்டாம், உன் பத்திரிகையே வந்துவிட்டது. சுகானோ ஐந்து பிரதி வாங்கியிருக்கிறார். தொமினாகா படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: "எனக்குக் கை வலித்ததே இல்லை."

கோமியா சார் அந்தப் பக்கத்தைக் கிழித்து எங்கள் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். "பாத்துக்கங்கடா. சுருட்டி வெச்ச சோளக்கஞ்சியைக் குடிச்சுட்டு வந்து எறிஞ்சவன். நீங்க இறைச்சி தின்னுட்டு முனகுறீங்க." கஞ்சியை எப்படிச் சுருட்டுவது என்று கேட்ட கஜி மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறான். அவன்தான் எனக்கு மாற்று பிட்சர். அவனை எறியவிட வேண்டி வருமென்று யாரும் நினைத்ததில்லை, அவன் உட்பட.

நீ மறைத்தது இதைத்தானே? அவர்களுக்கெல்லாம் வலிக்காது, வலிக்கிற என்னை மாதிரி ஆள் இந்த இடத்துக்கு லாயக்கில்லை. அதை எழுதத்தான் உனக்குக் கை வரவில்லை. எழுதியிருக்கலாம்.

முதல் பிட்சருக்கான ஒன்றாம் எண் துணியைக் கொடுத்துவிட்டார்கள். அம்மா சட்டை முதுகில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இனி எழுத நேரமில்லை.

நொபோரு

* * *

தோக்கியோ
5 ஜூலை 1984
விரைவுத் தபால்

நொபோரு,

விசாரிப்பெல்லாம் பிறகு. நீ கோபமாக இருந்தாலும் இதை முழுக்கப் படி.

நான் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம். அச்சில் வந்தது அந்த ஒரு வரி. மீதியை ஆசிரியர் வெட்டிவிட்டார். "வாசகர்களுக்கு இரும்புக் கை வேணும்மா, புலம்பல் வேணாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டுத் தேநீர் போடப் போனேன். தொமினாகா சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன். கார் நின்றுகொண்டிருந்தது, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சொன்னார்:

"எனக்குக் கை வலிச்சதே இல்லைம்மா. அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல. சிலருக்குக் கடல்ல வாந்தி வராது, அந்த மாதிரி. வலிச்சிருந்தா மொத நாளே கோமியாகிட்ட பந்தைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நான் பயந்தாங்கொள்ளி. உகிதா கோஷியென்ல ஆடினப்போ டிக்கெட் வாங்கிட்டுப் போனேன். ஒவ்வொரு பந்தும் எறிஞ்சுட்டுக் கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோய் உதறுவான். எதிர்ல நின்னவனுக்குத் தெரியாது. பின்னாடி மலிவு டிக்கெட்ல உக்காந்திருந்த எங்களுக்குத் தெரிஞ்சுது. சுத்தி இருந்தவன்லாம் கை தட்டுறான். நானும் தட்டினேன். யாரு பெரியவன்னு அட்டை போடச் சொல்றீங்களே, அவன் இப்ப எங்க இருக்கான்னு ஒரு அட்டையாவது வந்துச்சா?"

வரவில்லை, நொபோரு. அத்தனை மூட்டையிலும் ஒன்றுகூட இல்லை.

இதை உனக்கு ஏன் எழுதவில்லை தெரியுமா? முதல் வரியைப் படித்ததும் நீ மற்றதைப் படிக்க மாட்டாய் என்று பயந்தேன். நான் பயந்தது போலவே ஆகிவிட்டது, அதுவும் என் பத்திரிகையின் கையாலேயே.

கோமியா சாருக்கு எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய" என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. என் கை இல்லையே அது. நீ சொல். சொல்லிவிடு.

சயோகோ

* * *

ஹிராமினே
15 ஜூலை 1984

சயோகோவுக்கு அம்மா எழுதுவது,

நல்லா இருக்கியா. இங்க வெயில் தாங்கல. எனக்கு எழுத்து கோணலா வரும், சிரிக்காதே.

தம்பி ரெண்டு ஆட்டம் ஜெயிச்சுட்டான். ஊர்ல எல்லாரும் வீட்டுக்கு மீன் கொண்டாந்து குடுக்கறாங்க. நம்ம வீட்டுக்கே மீனு. உன் விரைவுத் தபால் வந்துச்சு, படிச்சான், மடிச்சுப் பையில வெச்சுட்டான்.

சாப்பிடும்போது இடது கையில ஸ்பூன் பிடிக்கறான். ஏன்டான்னா பயிற்சிங்கறான். சட்டையைத் தானா கழட்ட முடியாம நேத்து இருட்டுல நின்னுட்டிருந்தான். நான் போனதும் வெளிய போயிட்டான். எனக்கு பேஸ்பால் தெரியாது. எதைத் தடுக்கணும் எதை விடணும்னு தெரியல. உனக்கு ஏதாவது தெரியுமா. தெரிஞ்சா எழுது.

குளிர்ந்த தண்ணி குடிக்காதே.

அம்மா

* * *

தோக்கியோ
17 ஜூலை 1984
விரைவுத் தபால்

அம்மா,

அவனுக்கு முழங்கை வலிக்கிறது. ஏப்ரலிலிருந்து. உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான், நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

அவன் என்னோடு பேசாமல் போனாலும் சரி.

சயோகோ

* * *

ஹிராமினே
1 ஆகஸ்ட் 1984

அக்காவுக்கு,

சில்வண்டுச் சத்தத்தில் காது அடைக்கிறது. அம்மா நலம். எனக்குக் கை வலிக்கிறது.

முதல் இரண்டு நாள் உன் மேல் கோபத்தில் இருந்தேன். பிறகு கோபப்படுவதற்கே அலுத்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், அதனால் நாலு நாளாக எழுதுகிறேன்.

காலிறுதி அன்று காலையில்தான் உன் கடிதம் அம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது. நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். அவள் பட்டறையிலிருந்து அப்படியே ரப்பர் பூட்ஸோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அவள் என் ஆட்டம் எதையும் பார்த்ததில்லை. நடுவில் எப்போதோ நிமிர்ந்தபோது கம்பிவேலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் முழுக்கப் பந்து போகிற பக்கமே தலையைத் திருப்பும். அம்மா மட்டும் திருப்பவில்லை. பந்து போன பிறகும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கட்டத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் உதறினேன். உதறிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அப்போது நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம்.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கி நடந்தேன். நடுவர் கத்தினார். கோமியா சார் எழுந்து நின்றார்.

"என்னடா?"

"கை வலிக்குது சார்."

"எப்பலேந்து?"

"ஏப்ரல்லேந்து."

அவர் என் முகத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார், அது வீங்கி சட்டைக் கையை இறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி, "கஜி!" என்றார்.

"நானா சார்?"

"வேற எத்தனை கஜி இருக்கான்?"

பந்தை அவன் கையில் வைத்தேன். "பயமா இருக்குடா" என்றான். "எனக்கும்தான்" என்றேன். அவன் தன்னால் முடிந்ததை எறிந்தான். அது போதவில்லை. தோற்றோம். கூட்டத்திலிருந்து யாரோ "தொமினாகா பேரைக் கெடுத்துட்டியேடா" என்று கத்தினார்கள். கஜி அழுதுகொண்டே என்னிடம் மன்னிப்புக் கேட்டான், நான் அவனிடம் கேட்டேன், கடைசியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம்.

மறுநாள் அம்மா என்னைக் கோச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கைக்குள் எலும்பு ஒரு துண்டு உடைந்து அலைகிறதாம். அறுத்து எடுக்க வேண்டும். திரும்ப எறிவேனா என்று கேட்டதற்கு டாக்டர் பேனா மூடியை மூடி மூடித் திறந்தார். காகித ஆலையிலிருந்து இதுவரை ஒரு வார்த்தை இல்லை. வரும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

நேற்று முடிவெட்டப் போனேன். ஊரில் சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். சுகானோ அந்த ரகம் இல்லை, நேராகவே தொடங்கிவிட்டார். "தொமினாகாவா இருந்தா…"

பக்கத்து நாற்காலியில் முகத்தில் சுடுதுணி போட்டுக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாயை மூடு சுகானோ." கோமியா சார்.

துணியை எடுத்துவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் எதையோ தப்பாகச் செய்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"உகிதா ஏன்டா என்கிட்ட சொல்லல?"

எனக்கு அவரிடம் பயம்தான், உனக்குத் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீங்க கேட்டீங்களா சார்?"

சுகானோவின் கத்தரிக்கோல் என் காதுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. கோமியா சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காசை வைத்துவிட்டு, பாதி சவரத்தோடு வெளியே போனார். இன்றைக்குக் காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், மீதிப் பாதி இன்னும் மழிக்காமல். அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "உன் அக்கா பத்திரிகைல இருக்குதுல்ல? உகிதா முகவரி கிடைக்குமான்னு எழுதிக் கேளு" என்றார்.

"என்ன சார் எழுதப் போறீங்க?"

"தெரியலடா. மொதல்ல முகவரி வரட்டும்."

கண்டுபிடிக்க முடியுமா, அக்கா? அஞ்சலட்டை எதிலும் இருக்காது. நீயே யாரிடமாவது போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஓபோனுக்கு வா. இந்த வெயிலில் வெறும் வயிற்றோடு ரயில் ஏறாதே.

நொபோரு